நியாயமான டேக்கிள்

நெவில் ஹெய்க் வார நாட்களில் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டினான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊர் அணிக்காக ரக்பி லீக் ஆடினான். பதினான்கு வருடம் முன்வரிசையில் நின்று மோதியதில் மூக்கு நான்கு முறை உடைந்தது. ஒரு காது காலிஃபிளவர்போல் சுருண்டுவிட்டது. யார்க்‌ஷயரின் அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட காதோடு கடைத்தெருவில் நடந்தால் ரக்பிக்காரன் என்று மரியாதையாக வழிவிடுவார்கள்.

1979 ஜனவரியில் ஆற்றுக்கு அக்கரை ஊரோடு ஆட்டம். முதல்நாள் பனியில் தரை இறுகிக் கிடந்தது. எதிரணியில் டெக்லன் ராஃப்டரி என்று இருபத்திரண்டு வயதுக்காரன், கால் தரையில் பாவாத ஓட்டம். பந்தை அணைத்துக்கொண்டு ஓரக்கோட்டை ஒட்டி வந்தான். நெவில் குறுக்கே பாய்ந்து இடுப்பில் தோளைக் கொடுத்தான். டெக்லன் தலைகுப்புற விழுந்தான். ஏதோ ஒடியும் சத்தம் நெவிலின் காதில் விழுந்தது.

நடுவர் விசில் ஊதவில்லை. பந்தோடு ஓடுபவனைப் பிடித்து வீழ்த்தலாம்; விதிப்படி அது நியாயமான டேக்கிள்.

டெக்லனுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

அதன்பின் நெவில் ஐந்து ஆட்டம் ஆடினான். ஆள் கிட்டே வந்ததும் கை தானாகத் தளர்ந்தது. பயிற்சியாளர் தனியாகக் கூப்பிட்டார். "நெவ், அவனுங்க உன்னைத் தாண்டி நடந்தே போறானுங்கப்பா."

"தெரியும் சார்," என்றான். அன்றோடு ஆட்டத்தை விட்டு பூட்ஸைக் கழற்றிவைத்தான்.

டெக்லன் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் நெவில் அக்கரைக்குப் போனான். கதவைத் திறந்தவள் டெக்லனின் அம்மா பெர்னடெட்.

"நீ யாருன்னு தெரியும். போயிடு," என்று கதவைச் சாத்தினாள்.

மறுவாரம் போனான். அதற்கடுத்த வாரமும். வீட்டில் மனைவி மேவிஸ், "அந்தப் பொம்பளைய ஏங்க இன்னும் நோகடிக்கிறீங்க?" என்று கேட்டாள். ஏழாவது வாரம் உள்ளேயிருந்து டெக்லனின் குரல் வந்தது. "அம்மா, அந்த ஆளை உள்ள விடு. மழையில நனைஞ்சு செத்துத் தொலையப் போறான்."

அதிலிருந்து ஞாயிறுதோறும் சக்கர நாற்காலியை மைதானத்துக்குத் தள்ளிப்போவது நெவிலின் வேலையானது. மேட்டில் மூச்சிரைத்தால் டெக்லன் சிரிப்பான். "என்ன நெவ், அன்னிக்கும் இப்படி ஆமை மாதிரி வந்திருந்தா நான் கோட்டைத் தாண்டி ட்ரை போட்டிருப்பேனே!" சுற்றி நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நெவில் மட்டும் சிரிப்பான். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரத்தைப் பிய்த்து ஊதி ஆறவைத்து டெக்லன் வாயில் வைப்பான்.

பதினோரு வருடம். கடைசிக் குளிர்காலத்தில் டெக்லனுக்கு மார்ச்சளி இறங்கியது. நான்கு நாளில் போய்விட்டான். தேவாலய வாசலில் பெர்னடெட் நெவிலின் கையைப் பிடித்து, "தூக்கறவங்கள்ல நீயும் ஒருத்தன்," என்றாள். சவப்பெட்டியைத் தோளில் வாங்கியபோது அதன் கனம் போதவில்லை என்று அவனுக்குப் பட்டது. டெக்லன் அத்தனை இளைத்திருந்தான்.

அடுத்த ஞாயிறு எங்கே போவதென்று தெரியாமல் அக்கரைக்கே போனான். பெர்னடெட் தேநீர் ஊற்றினாள்.

"நான் அவன் ஆட்டத்த ஒருநாளும் பாத்ததில்ல. பயம். அன்னிக்கும் வீட்லதான் இருந்தேன்," என்றாள். "எல்லாரும் என்னென்னமோ சொன்னாங்க. அவனும் கடைசிவரை என்கிட்ட அதப்பத்தி வாயே திறக்கல. நீ சொல்லு."

"வேண்டாம்மா."

"கூட இருந்தவன் நீதானே. சொல்லு."

நெவில் கோப்பையைக் கீழே வைத்தான். இறுகிய தரையிலிருந்து தொடங்கி, எதையும் விடாமல் சொன்னான். அந்தச் சத்தத்தையும் சொன்னான். மேவிஸிடம்கூட அதை அவன் சொன்னதில்லை. பெர்னடெட் கண்ணைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேகமா ஓடினானா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவனைப்போல ஓடினவனை நான் பாத்ததில்லம்மா," என்றான் நெவில்.