சனிக்கிழமை சாயங்காலம் யாருக்கு

அன்புச்செல்வி பிசினஸ் அனலிஸ்ட். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை. பிசினஸும் அவளுடையது இல்லை, புரோகிராமும் அவள் எழுதுவதில்லை. வியாபாரம் செய்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அதைப் புரோகிராமர்களுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். அவர்கள் செய்து கொடுத்ததை வியாபாரிக்கு விளங்க வைக்க வேண்டும். இடையில் திரை எப்படி இருக்கும் என்று படம் போடுவாள், சோதித்துப் பார்ப்பாள், மௌஸ் பிடிக்கக்கூடச் சொல்லித் தருவாள். இரண்டு பக்கத்துக் கோபத்தையும் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவள்தான்.

சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் வளர்ந்தவள். தண்ணி லாரி வரவில்லையென்றால் குடிநீர் வாரிய ஆபீசில் போய்ப் பேச, தெருவே சின்னப் பெண்ணான அவளைத்தான் முன்னால் தள்ளும். வாய் அப்படி. ஆனால் பிழைப்பு வாயால் நடக்கவில்லை, காதால்தான் நடந்தது. யார் பேசினாலும் முழுசாகக் கேட்பாள்.

போன வருடம் தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஆன்லைன் புக்கிங் செய்து கொடுத்தார்கள். மேனேஜர் கஸ்தூரிரங்கன் மயிலாப்பூர்க்காரர். அவரைக் கேட்டாள், சமையல் மாஸ்டரைக் கேட்டாள், எலக்ட்ரீஷியனைக் கேட்டாள், வாட்ச்மேனைக்கூட விடவில்லை. கஸ்தூரிரங்கன் கடைசியில் அலுத்துக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம், அவ்வளவுதாம்மா. ரிசப்ஷன் மட்டும்னு சில பேர் சாயங்காலத்துக்குக் கேட்டுண்டு வருவா. இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

சொல்ல இருந்தது. மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை என்பது சனிக்கிழமை மூன்று மணிக்கே பிறந்துவிடும். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், மதியச் சாப்பாட்டோடு சாவியைக் கொடுக்க வேண்டும். சென்னையில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட எல்லாருக்கும் இது தெரியும். அதனால் யாரும் சொல்லவில்லை, அவளும் எழுதவில்லை. புரோகிராம் எழுதிய குருபிரசாத் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை ஒரு நாள் என்று போட்டுவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

மூன்று மாதம் ஒரு சிக்கலும் இல்லை. பிறகு பொன்னுரங்கம், சினிமாவில் லைட்மேன், மகள் ஆஷாவின் கல்யாணத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பதிவு செய்தார். அதற்கு முந்தின நாளான சனிக்கிழமை மாலையை, தம்பியின் நிக்காஹுக்குப் பிறகு வைக்கும் வலிமா விருந்துக்காக மெஹக் என்ற பெண் ஆன்லைனில் பிடித்தாள். கம்ப்யூட்டர் இருவருக்கும் சந்தோஷமாக வாழ்த்துச் சொன்னது. பொன்னுரங்கம் மேடை அலங்காரம் பேச வந்தபோதுதான் குட்டு உடைந்தது.

பொன்னுரங்கம் மண்டப ஆபீசில் உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்புச்செல்விக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

"அல்லாருக்கும் பத்திரிக வச்சிட்டேம்மா. யூனிட் ஆளுங்க ஷூட்டிங் முடிச்சிட்டு சாய்ங்காலந்தான் வருவானுங்க. மண்டபம் கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

"இருண்ணே. நான் போய்ப் பேசிக்கினு வரேன்," என்றாள். அவரிடம் பேசும்போது அவள் பேச்சு தானாகவே ஆற்றோரத்துக்குப் போய்விட்டது. ஆனால் எந்தக் குடும்பத்திடம் போய் இல்லை என்று சொல்வது? இரண்டு பேர் மேலும் தப்பு இல்லையே.

மெஹக்கிடம் வாங்கின பணத்தைத் திருப்பித் தந்து காலில் விழுந்துவிடலாம் என்பது கஸ்தூரிரங்கனின் யோசனை. அன்புச்செல்வி அவரையும் கூட்டிக்கொண்டு ராயப்பேட்டையில் மெஹக் வீட்டுக்குப் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மண்டபத்தை விட்டுக்கொடுங்கள் என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தையைத்தான் செய்தாள்.

"அன்னிக்கு உங்க வீட்ல காலையிலேருந்து என்னென்ன நடக்கும்? கொஞ்சம் சொல்லுங்களேன்."

மெஹக் யோசித்துச் சொன்னாள். "ஆம்பூர்லேருந்து சொந்தக்காரங்க வேன்ல வருவாங்க. காலையிலயே வந்துடுவாங்க. பிரியாணி எங்க மாமா கடையிலேருந்து தேக்சாவுல வந்துடும். சாயங்காலம் வரைக்கும் இத்தனை பேரை இந்த வீட்ல எங்க உக்கார வைக்கிறதுன்னுதான் தெரியல. விருந்து முடிஞ்சு அவங்க ராத்திரியே ஆம்பூர் திரும்பணும், சின்னப் புள்ளைங்க வேற."

"அப்ப ஏன் சாயங்காலம் போட்டீங்க?"

மெஹக் அவளை வினோதமாகப் பார்த்தாள்.

"மதியம்தாங்க எங்களுக்கு வேணும். உங்க ஸ்கிரீன்ல முழு நாள்னு ஒண்ணு, மாலைன்னு ஒண்ணு, ரெண்டுதான் இருந்துச்சு. முழு நாள் வாடகை எங்களால முடியாது. கார்டு நாளைக்குத்தான் அச்சுக்குப் போவுது. மதியம் கிடைக்குமா?"

அந்தச் சனிக்கிழமை மதியம் மண்டபம் காலி. மூன்று மணிக்குள் ஒழித்துத் தருவதாக மெஹக் சொன்னாள். கஸ்தூரிரங்கன் "பேஷா" என்று சொல்லிவிட்டு, பொன்னுரங்கத்துக்குப் போன் போட வாசலுக்கு எழுந்து போனார். அவர் குரலிலேயே பாரம் இறங்கியது தெரிந்தது.

அன்புச்செல்விக்கு மட்டும் நாற்காலியை விட்டு எழ மனம் வரவில்லை. வாட்ச்மேன் வரைக்கும் கேட்டவள், மண்டபத்தை வாடகைக்கு எடுக்க வருகிற ஒருத்தரைக்கூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"வேற என்னவெல்லாம் அதுல இல்லாம போச்சுன்னு சொல்லுங்க," என்றாள்.

மெஹக் உள்ளே திரும்பி இன்னொரு டீ போடச் சொன்னாள்.