சேவியர் குத்திவைத்த எழுத்து

சேவியருக்கு இப்படி நடக்கும் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். மழை, மலைப்பாதை, ஈரத் தார், வளைவு என்று வரிசையாகச் சொன்னேன். மூன்றாவது வளைவு என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பேக்கரிக்காரர் ஓடிவந்து, "முனி மாமா, உங்களுக்கு போன், சகலேஷ்புரத்துலேர்ந்து" என்றபோது, எழுந்திருப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. போனில் கார்த்திக். கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, சம்பளத்தையெல்லாம் ஜீப்புக்குள் போட்ட பையன். "அங்கிள், சேவியர் அண்ணன் ஜீப் பள்ளத்துல..." என்றவன் அழ ஆரம்பித்தான். எந்தப் பக்கம் கவிழ்ந்தது என்று கேட்டேன். இடது என்றான். அதையும் நான் சொல்லியிருந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்காக அவனைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டவள் அவன் மனைவி மேரி. நான் எட்டாவது வரை படித்தவன், எட்டாவதில் பாதி. ஆனால் லிங்கராஜபுரத்தில் என் வெல்டிங் பட்டறையும் சேவியரின் ஜீப் பட்டறையும் பதினாறு வருஷம் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டன. அவனைப் பற்றி எழுத என்னைவிட யாருக்குத் தகுதி? ஒருமுறை ராணுவ மேஜர் ஒருவரே என் வெல்டிங்கைத் தடவிப் பார்த்து, "இதற்கு மெடல் கொடுக்க வேண்டும்" என்று சொன்னார். மேஜரோ, மேஜரின் டிரைவரோ.

சேவியரிடம் ஒரு வழக்கம் இருந்தது. உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய வேலை எதையும் செய்து முடித்தால், இரும்பில் எழுத்து பதிக்கும் பஞ்ச் உளியை எடுத்து அந்தப் பாகத்தின் மேல் ஓர் எழுத்தைக் குத்திவிடுவான். அது அவன் பெயரின் எழுத்து அல்ல. அப்படிச் செய்யலாம் என்று முடிவெடுத்தவரின் பெயருக்கு இங்கிலீஷில் முதல் எழுத்து. "கை என்னுது, முடிவு யாருதோ அவங்க எழுத்து" என்பான். அத்திபெலேயிலிருந்து ஒரு கல்குவாரி முதலாளி, அவன் தடுத்தும் கேட்காமல், லாரி டயர் மாதிரி டயர் போட்டுக்கொண்டு போனார். மூன்றே மாதத்தில் ஆக்ஸில் உடைந்து திரும்பி வந்து தெருவே கேட்கக் கத்தினார். சேவியர் ஒரு கோணிச் சாக்கை விரித்து, "சாமி, கொஞ்சம் கீழ படுத்துப் பாருங்க" என்றான். படுத்த முதலாளி தன் எழுத்தைப் பார்த்தார். எழுந்து, வேட்டியைத் தட்டி, டீ வாங்கிவரச் சொன்னார்.

இனி அந்த வேலைக்கு வருகிறேன். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுவதுதான் டிஃபரன்ஷியல். ரோட்டில் அது தெய்வம். சேற்றில் அதுவே துரோகி. ஒரு சக்கரம் வழுக்கினால் இஞ்சினின் வலுவெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும், வண்டி அப்படியே நிற்கும். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்ட லாக்கர் வேண்டும். மூன்று வழி உண்டு. சுவிட்சைப் போட்டால் காற்றழுத்தத்தில் பூட்டி, அணைத்தால் விட்டுவிடும் லாக்கர் ஒன்று. தானே பூட்டி, திரும்பும்போது 'டக்'கென்று தானே விடுவது இன்னொன்று. இரண்டும் வெளிநாட்டுச் சரக்கு. மூன்றாவது வழி என் பட்டறையில் இருந்தது: உள்ளே இருக்கும் பல்சக்கரங்களை ஒன்றாக வெல்டு அடித்துவிடுவது. அப்புறம் அந்தப் பூட்டுக்குத் திறப்பே கிடையாது.

கார்த்திக் ஜீப்பில் காற்று லாக்கர் ஏற்கெனவே இருந்தது. சேவியருக்கும் ஒன்றை கார்த்திக்கின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவருவதாக இருந்தது. ஆனால் சகலேஷ்புரம் சேற்றுப் போட்டிக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. அண்ணன் வர ஒரு மாதம். மூன்று வருஷமாக அந்தப் போட்டியில் பாதிச் சேற்றில் நின்றுபோனவன் சேவியர். கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அந்த போட்டோவை யாரோ டீக்கடையில் வேறு ஒட்டிவைத்தார்கள். அன்றைக்குப் பட்டறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"மச்சா, வெல்டு அடிச்சிடு" என்றான் சேவியர்.

"வேணாம்பா. சேத்துல ஜெயிச்சா போதுமா? வூட்டுக்கு ரோட்டுலதான வரணும்?" என்றேன்.

"பயந்தவன் ஸ்கூட்டர் ரிப்பேர் பண்ணட்டும். ஜீப்புல ஏன் கை வெக்கறே?"

அதற்கு மேல் என்ன பேசுவது? வெல்டு அடித்தேன். நான் அடித்ததிலேயே நல்ல வெல்டு அதுதான். இன்றைக்கும் அது விட்டிருக்காது.

மறுநாளிலிருந்து அந்த ஜீப் வேறு ஜந்துவாகிவிட்டது. கோயில் வாசல் திருப்பத்தில் உள்பக்க டயர் 'கிரீச்' என்று கதறும். தெரு நாய்கள் முன்பெல்லாம் அதைத் துரத்தும். இப்போது எழுந்து ஒதுங்கிப் போயின. திருப்பத்தில் கறுப்புக் கோடு விழுந்து நாளுக்கு நாள் தடித்தது. மேரி ஒருநாள் காபியோடு வந்து, "அண்ணா, வண்டி அழுவுற மாதிரி இருக்கே, கேக்கலியா உங்களுக்கு?" என்றாள். "புது வேலைம்மா, பழகிடும்" என்றேன்.

அத்திபெலே பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்றில் ஞாயிறு ஒத்திகை. நேரே ஏறும் மேட்டில் சேவியர் சிங்கம் மாதிரி ஏறினான். ஈரச் சரிவில் குறுக்காகப் போகும்போதுதான் பின்சக்கரம் இரண்டும் ஒன்றாக வழுக்கி, வண்டியின் வால் பள்ளத்தைப் பார்த்து மெதுவாக இறங்கியது. ஒரு பாறை தடுத்தது. பின்னால் வந்த கார்த்திக் லாக்கர் சுவிட்சை அணைத்துவிட்டு, நடந்து போகிற மாதிரி கடந்தான். சேவியர் இறங்கி அந்தப் பாறையை வெகுநேரம் பார்த்தான். சிரிக்கவில்லை. "இங்க கல்லு இருந்துச்சு, மச்சா" என்று மட்டும் என்னிடம் சொன்னான்.

போட்டிக்குக் கிளம்பிய காலையில் மேரி ஜீப்பின் நெற்றியில் சிலுவை போட்டாள். திருப்பத்தில் அது கதறியது. மழை தொடங்கியிருந்தது.

சேற்றில் அவன்தான் முதல் பரிசு. கோப்பையைப் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்திருந்தானாம். திரும்பி வரும்போது ஈரத் தாரில், வளைவில், வண்டி திரும்ப மறுத்தது. பின்னால் வந்த கார்த்திக் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஜீப்பை எடுத்துவர நானும் போனேன். கார்த்திக் ஸ்டேஷனுக்குள்ளே போலீசிடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் வண்டிக்கு அடியில் ஊர்ந்து, டிஃபரன்ஷியல் மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மேரி கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, மூடியில யாரு எழுத்து?"

"அவன் எழுத்துதான்மா. எக்ஸ்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "புடிவாதக்காரரு" என்றாள். அன்றிலிருந்து சாவு வீட்டுக்கு வந்த எல்லாரிடமும் அதையே சொன்னாள்: முனியண்ணன் எவ்வளவோ தடுத்தாரு, இவருதான் கேக்கல. நேற்று அவன் போட்டோவுக்கு மாலை போடும்போது, போட்டோவைப் பார்த்தே திட்டினாள். "அவ்ளோ சொன்னாரே அந்த மனுஷன், கேட்டியாய்யா?"

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ராத்திரியெல்லாம் அந்த மூடி என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஆகையால் இதையும் எழுதிவிடுகிறேன். பூசையில் வாசிக்கிறவர் இந்த இடத்தை விட்டுவிடக் கூடாது. மேலே எழுதியதில் மேஜர் பாதி உண்மை. வளைவைப் பற்றி நான் யாரிடமும் எதையும் சொன்னதில்லை. பட்டறையில் இரண்டு பேர் பேசியது உண்மை. பேசிய ஆட்களை மாற்றிவிட்டேன். வெல்டு அடிக்கலாம் என்றவன் நான். ஸ்கூட்டர் ரிப்பேர் என்று குத்தியவனும் நான். "வூட்டுக்கு ரோட்டுலதான வரணும்?" என்றவன் சேவியர். நான் விடாமல் கிண்டல் செய்யவும், டீக்கடை போட்டோவை இழுக்கவும், சரி என்று சிரித்துக்கொண்டே பஞ்ச் உளியை எடுத்தான்.

அவனுடையதில் என்னிடம் இருப்பது அந்த மூடி ஒன்றுதான். கிரீசைத் துடைத்துவிட்டேன். அதில் இருப்பது எக்ஸ் இல்லை மேரி, என் எம். அழுத்தமாகத்தான் குத்தியிருக்கிறான்.