பூனைக்கு நகம் வெட்டப் போனோம்

எங்கள் வீட்டுப் பூனை என்னைவிட மூத்தது. கிழடாகிப்போனதில் அதன் முன்னங்கால் நகம் ஒன்று வளைந்து வளைந்து அதன் பாதத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. கண்ணும் மங்கல். நொண்டி நொண்டி வந்து தட்டை மோப்பம் பிடித்துத்தான் கண்டுபிடிக்கும்.

எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அவர் பேண்டேஜ் கம்பெனியில் தறி ஓட்டியவர். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், சாளை மீனில் முள் எடுத்து, சோற்றோடு கூழாகப் பிசைந்து பூனைக்கு வைப்பார். அதற்குப் பல் இல்லை. கம்பெனியில் கழித்துப்போட்ட, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை மடித்து மெத்தை போடுவார், நனைந்தால் மாற்றுவார். எனக்கு ஒரு நாளாவது முள் எடுத்துத் தந்திருக்கிறாரா என்று அம்மாவிடம் முறையிட்டேன். உனக்குத்தான் பல்லும் இருக்கு, அதைவிடப் பெரிய வாயும் இருக்கே என்றாள்.

நகத்தை வெட்ட அத்தா கையை நீட்டினாலே பூனை பிறாண்டியது. என் குரலுக்கு மட்டும் அடங்கும். அந்த வயதில் என் குரலுக்கு அடங்கிய ஒரே ஜீவன் அதுதான்.

எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் எந்நேரமும் நாய்கள்தான். இராஜபாளையத்தில் வேறு எப்படி இருக்கும்? அந்த வரிசையில் நின்றால் வைத்தியத்துக்கு முன்பே பயத்தில் பூனையின் உயிர் போய்விடும் என்று அத்தா ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார். என்னையும் கூட்டிக்கொண்டார். வழிநெடுகப் பூனையிடம் பேசிக்கொண்டு வந்தால் போதும், அதுதான் என் வேலை. கூடைக்குள் காஸ் மெத்தை, கூடையின் வாயிலும் காஸ் கட்டு.

பஸ்ஸில் அத்தா கூடையை மடியில் வைத்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்காரப் போகையில் என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் ஏறினார்கள். அத்தாவைப் பார்க்காதவன் மாதிரி அவர்களோடு பின்சீட்டுக்குப் போய்விட்டேன்.

வண்டி நகர்ந்ததும் கூடை அலறியது. மொத்த பஸ்ஸும் திரும்பியது.

"யாருலே அது, பூனைக்குக் கட்டுப் போட்டு ஊரு சுத்திக் காட்டுதாரு?" என்றான் ஒருத்தன்.

"யாரோ கிறுக்கன் போலலே" என்றேன். மூன்று பேர் சிரித்ததில் பெரிய சிரிப்பு என்னுடையது. எனக்குச் சின்ன வயதிலேயே நகைச்சுவை உணர்ச்சி அதிகம்.

அத்தா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கூப்பிடவில்லை. கட்டுக்குள் கையை விட்டு அவரே ஏதோ பேசிப் பார்த்தார். அது கத்திக்கொண்டேதான் வந்தது.

கண்டக்டர் என் முன்னால் வந்து நின்றபோதுதான் என்னிடம் காசு கிடையாது என்பது உறைத்தது. இல்லாத பணத்தை எல்லாப் பையிலும் தேடினேன். முன்னாலிருந்து அத்தாவின் குரல் வந்தது.

"கண்டக்டரே, அந்தத் தம்பிக்கும் சேத்து நான் எடுக்கேன்."

"கிறுக்கனா இருந்தாலும் நல்ல மனுசன்லே" என்றான் கூட்டாளி. நானும் ஆமோதித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, அவர்கள் கண்ணைவிட்டு மறையும்வரை அறுந்து போகாத செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியில் என் குரல் எனக்குத் திரும்பி வந்தது. நான் பேசப் பேச, பூனை சாதுவாகக் காலை நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் நகத்தை வெட்டி எடுத்து மருந்து போட்டார். அத்தாவின் கையெல்லாம் பஸ்ஸில் வாங்கிய புதுக் கீறல்கள். அதைக் கூடையிலிருந்த காஸிலேயே துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அத்தா பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது திட்டு விழும் என்று காத்திருந்தேன். வண்டி ஊரைத் தாண்டியதும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"உன் கூட்டாளிக யாரும் ஏறுனா சொல்லு. நான் கூடையோட பின்னால போயிருதேன்."

திட்டு இல்லையென்றதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. நல்ல ஏற்பாடு என்றுகூடத் தோன்றியது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஏறுகிறவர்களைக் கவனமாகப் பார்த்து, "யாருமில்ல அத்தா, நீங்க உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.