மீன் தலையும் பொங்கல் பானையும்

மீன் கழிவிலிருந்து வந்த வாயுவில் வைத்த பொங்கல் சைவமா, மச்சமா? எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எல்லா வீட்டுச் சமையல் கழிவையும் சேர்த்து எரிவாயு எடுக்கும் தாங்கி ஒன்றைக் கீழே வைத்திருக்கிறோம். அதில் முதல் சமையல் தைப்பொங்கல் என்று முடிவாகியிருந்தது.

நேற்று மூன்றாம் மாடித் திரேசா அக்கா ஒரு வாளி மீன் தலையை அதற்குள் கொட்டுவதைத் தொடர்மாடிச் சங்கத் தலைவர் சிவபாதம் கண்டுவிட்டார்.

"ஐயோ அக்கா, இதிலயோ நாளைக்குப் பொங்கிறது?"

"அப்ப என்ர மீன் காஸை மட்டும் பிரிச்சு மேல அனுப்பிவிடுங்கோ தம்பி. நான் சொதி வைக்கிறன்."

சிவபாதம் என்னிடம் திரும்பினார். "நீங்கள் கம்பஸில கெமிஸ்ட்ரி படிச்சனீங்கள். சொல்லுங்கோ பாப்பம்."

எதிலிருந்து வந்தாலும் மீதேன் மீதேன்தான் என்றேன். அது அவருக்குப் போதவில்லை. தன் வீட்டுச் சிலிண்டரைக் கீழே கொண்டுவந்து பொங்குவதாக அறிவித்தார். திரேசா அக்கா வெறும் வாளியுடன் படியேறினார்.

இன்று காலை, பால் பொங்க முன்னரே சிலிண்டர் தீர்ந்தது.

சிவபாதம் ஒருவரையும் பார்க்காமல், தானே அடுப்புக் குழாயைத் தாங்கியில் பொருத்தினார். பால் பொங்கி வழிந்தது. முதல் அகப்பைப் பொங்கலைத் திரேசா அக்காவுக்குக் கொடுத்தார்.

"சக்கரை காணாது தம்பி" என்றார் அவர்.

நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டேன். விடை தெரிந்தவர்கள் அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொல்லுங்கள்.