நாங்கள் பாடிய ரொக் பாட்டு

என் கணவர் பாடி நான் கேட்டதே இல்லை. பூசையில் எல்லோரும் எழுந்து நின்று பாடும்போதும் அவருடைய உதடு அசையாது. கையைக் கட்டிக்கொண்டு பீடத்தைப் பார்த்தபடி நிற்பார். அப்படிப்பட்ட மனிதர் 2009ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒருநாள், லண்டனில், ஸ்ட்ரெதம் பகுதியில் ஒரு வெள்ளைக்காரரின் முன்னறையில் முழங்காலில் இருந்துகொண்டு, கையில் பிடித்த ஸ்குரூட்ரைவரையும் மறந்து, ஒரு ஆங்கிலப் பாட்டை முதல் வரியிலிருந்து பாடத் தொடங்கினார். எனக்கு ஒரு கணம் பயமாகக்கூட இருந்தது.

அந்த வீட்டுக்காரர் எங்கள் பங்குக் கோவிலில் ஓர்கன் வாசிப்பவர். உயரமான, மெலிந்த, எழுபதை நெருங்கிய மனிதர். தனியாக இருந்தார். ஞாயிறு காலை ஆங்கிலப் பூசைக்கு அவர்தான் வாசிப்பார். மாதத்தில் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கும், யாரும் கேட்காமலே, முன்கூட்டி வந்து எங்கள் பாட்டுகளைக் காதால் கேட்டுப் பழகி வாசிப்பார். நாங்கள் அதற்கு முந்தைய வருஷம்தான் ஜேர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்திருந்தோம். மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்பது ஒரு காரணம். கணவருக்கு மின்சார வேலை தெரியும், இங்கே அதைச் சொந்தமாகச் செய்யலாம் என்பது இன்னொன்று. எனக்கு இந்த ஊரில் தெரிந்த மனிதர்கள் என்றால் தமிழ்ப் பாடகர் குழுவில் இருந்த பெண்களும், மூலையில் உட்கார்ந்து வாசிக்கும் இவரும்தான்.

வீட்டில் ஒரு பழைய மின்சார ஓர்கன் இருப்பதாகவும், அதன் ஒலிபெருக்கி சுழலாமல் நின்றுவிட்டதாகவும் அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார். கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அலுமாரி அளவு மரப்பெட்டி. உள்ளே ஒலிபெருக்கி விசிறி மாதிரிச் சுழல வேண்டும், அப்போதுதான் அந்த ஓர்கனுக்கு அதன் நடுங்கும் குரல் வருமாம். கணவர் பின்பலகையைக் கழற்றி, வயரை மாற்றி, சுவிட்சைப் போட்டார். பெட்டி முனகிக்கொண்டு சுழலத் தொடங்கியது. சரி பார்ப்பதற்காக ஓர்கன்காரர் நாலைந்து கட்டைகளை அழுத்தி ஒரு பாட்டின் தொடக்கத்தை வாசித்தார். அவ்வளவுதான், என் கணவர் பாட ஆரம்பித்துவிட்டார்.

ஓர்கன்காரர் திரும்பிப் பார்த்தார். நிறுத்தவில்லை. கணவரும் நிறுத்தவில்லை. கடைசிப் பஸ் போன பிறகும் தரிப்பில் நின்று ஒருத்திக்காகக் காத்திருக்கிற ஒருவனைப் பற்றிய பாட்டு அது. நடுநடுவே சொல் எதுவும் இல்லாத ஒரு நீண்ட 'ஓ' வரும். அதையும் கணவர் விடவில்லை.

முடிந்ததும் நான் கேட்டேன்: "இஞ்சருங்கோ, உங்களுக்கு இந்தப் பாட்டு எப்பிடித் தெரியும்?"

"ஜேர்மனிக்கு வந்த புதுசில ரெஸ்ரோரண்ட் குசினியில கோப்பை கழுவினனான் எல்லே? அங்க சமைக்கிறவன் விடிஞ்சாப் பொழுதுபட்டா இதைத்தான் போடுவான். நான் படிச்ச முதல் இங்கிலீஷ் இதுதானப்பா."

"அதை இவர் ஏன் வாசிக்கிறார்?"

அதை அவரிடமே கேட்டோம். அவர் வெட்கப்பட்ட மாதிரிச் சிரித்தார். பிறகு படியேறிப் போய், கண்ணாடிச் சட்டம் போட்ட, அதிக விற்பனைக்குப் பரிசாகக் கிடைத்த ஒரு வெள்ளி இசைத்தட்டைக் கொண்டுவந்து காட்டினார். அந்தப் பாட்டை மெட்டமைத்தவரே அவர்தான்.

தேநீர் குடித்தபடி அவர் சொன்ன கதை இது. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர்கள் நாலு பேர் ஒரு ரொக் இசைக்குழு வைத்திருந்தார்கள். தென்லண்டனில் ஒரு நிலவறை ஸ்டூடியோவில் வேறொரு பாட்டைப் பதியப் போயிருந்தார்கள். அது நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. இசைத்தட்டின் பின்பக்கத்துக்கு ஏதாவது வேண்டும் என்று கம்பனிக்காரர் சொன்னதால், அவர் பஸ்ஸில் வரும்போது முணுமுணுத்த மெட்டை எடுத்தார்கள். பாடகர் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்று வரிகளை எழுதிக்கொண்டு வந்தார். அந்த 'ஓ'வுக்கு நாலு குரல் போதவில்லை. பக்கத்திலே துணி வெளுக்கும் கடை ஒன்று இருந்தது. வேலை முடிந்து வெளியே வந்த பெண்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் இடுப்பில் கட்டிய கவசத்துணியைக்கூடக் கழற்றாமல் இறங்கி வந்து, சிரித்துச் சிரித்துப் பாடிவிட்டுப் போனார்களாம்.

"யாரும் அந்தப் பக்கத்தைக் கேட்பார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை" என்றார். ஆனால் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் தட்டைத் திருப்பிப் போட்டார். நேயர்கள் திரும்பவும் கேட்டார்கள். அந்தக் கோடை முழுவதும் கடைகளிலும், முடிவெட்டும் இடங்களிலும், கடற்கரைகளிலும் அந்தப் பாட்டுத்தான். ஜேர்மனியில் இங்கிலாந்தைவிடப் பெரிய வெற்றி. அதற்குப் பிறகு அவர்கள் எத்தனையோ பாட்டுப் பதிந்தும் ஒன்றுகூட அந்த உயரத்துக்குப் போகவில்லை. குழு கலைந்தது. பாடகர் சில வருஷங்களுக்கு முன்னர் காலமாகிவிட்டார்.

"ஒரு பாட்டுத்தான். ஆனால் உங்கள் கணவருக்கு அது ஒரு குசினியில் துணைக்கு இருந்திருக்கிறது. எனக்கு அது போதும்" என்றார்.

பிறகு அந்த வருஷத்தின் வசந்தகாலம் வந்தது. லண்டனில் இருந்த தமிழர் எவருக்கும் அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஊரில் போர் அதன் கடைசிக் கட்டத்தில் இருந்தது, என் அக்கா இரண்டு பிள்ளைகளோடு வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். முதலில் தொலைபேசி விட்டுவிட்டு வந்தது, பிறகு வரவேயில்லை. நாங்கள் எல்லோரும் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றோம். மழையிலும் நின்றோம். வேலைக்குப் போய்விட்டு வந்து நின்றோம். பாடகர் குழுப் பயிற்சி தானாகவே நின்றுபோனது. ஒரு ஞாயிறு பூசையில் பாடுவதற்கு வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. அன்றிலிருந்து எனக்குக் குரல் இல்லை. பேச முடிந்தது. பாட ஏலவில்லை.

பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு ஓர்கன்காரர் என்னிடம் வந்து ஏன் பாடவில்லை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை பிற்பகல், எங்கள் பயிற்சி நேரத்தில், கோவில் திறந்திருந்தது. அவர் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான். தமிழ்ச் சனம் ஒருவர் இருவராக வந்து, பேசாமல் இருந்துவிட்டுப் போகும். அழ விரும்பியவர்கள் அழுதார்கள். வீட்டில் பிள்ளைகளுக்கு முன்னால் அழ ஏலாதவர்களுக்கு அந்த இடம் எவ்வளவு பெரிய உபகாரம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

போர் முடிந்து, கோடை தொடங்கியபோது அக்கா ஒரு முகாமிலிருந்து பேசினாள். யாரோ கொடுத்த தொலைபேசி. "நான் இருக்கிறன். பிள்ளையளும் இருக்கினம்" என்றாள். லைன் அறுந்துவிட்டது.

எல்லோருக்கும் அந்த அழைப்பு வரவில்லை. எங்கள் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடும் அக்கா ஒருவர் இருந்தார், மன்னார்க்காரி, என்னைவிட மூத்தவர். வன்னியில் இருந்த அவருடைய தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் கிடைக்கவில்லை.

கோடை முடிகிற நேரம் ஓர்கன்காரர் எங்களிடம் ஒரு விஷயம் கேட்டார். ஒரு சிறிய இசைக் கம்பனி அந்தப் பழைய பாட்டைப் புதிதாகப் பதிந்து வெளியிட விரும்புகிறதாம். கித்தார்க்காரரும் டிரம்ஸ்காரரும் சம்மதித்துவிட்டார்கள். பாடகர் இல்லாததால் இவரே பாடப் போகிறார். அந்த 'ஓ'வுக்கு நாங்கள் வருவோமா?

பயிற்சி நடக்கும் மண்டபத்தில் பெரிய வாக்குவாதம்.

"ரொக் பாட்டோ? கோவில் குழு போய் ரொக் பாட்டுப் பாடினா ஃபாதர் என்ன சொல்லுவார்?" என்றார் ஒருவர்.

"ஃபாதரைக் கேட்டனான். நல்லாப் பாடிப்போட்டு வாங்கோ எண்டவர்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இந்த வருஷத்தில எங்களுக்குப் பாட்டு ஒரு கேடோ?" என்று இன்னொருவர் கேட்டார். ஒருவரும் அந்த மன்னார் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்தான் முதலில் பேசினார். "அந்த மனுசன் எங்களுக்காக எத்தினை சனிக்கிழமை வாசிச்சவர். நான் வாறன். வீட்டில இருந்து சுவரைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது."

அதோடு பேச்சு முடிந்தது. எனக்குப் பாட வருமா என்று தெரியாது. ஆனாலும் போனேன்.

ஸ்டூடியோ லூயிஷாம் பக்கம், ரயில் பாதையைத் தாங்கும் செங்கல் வளைவு ஒன்றுக்குள் இருந்தது. நாங்கள் நல்ல சீலை உடுத்து, மேலே கோட்டுப் போட்டு, டப்பாக்களில் ரோல்ஸும் கட்லட்டும் கட்டிக்கொண்டு போனோம். வானொலியில் குரல் மட்டும்தானே வரும், சீலை எதற்கு என்று கணவர் பகிடி பண்ணினார். டிரம்ஸ்காரர் பருத்த, சிரித்த முகத்து மனிதர். பாட்டுத் தொடங்க முதலே கட்லட்டில் பாதியை முடித்துவிட்டார். ஒலிப்பதிவு செய்தது ஒரு இளம்பெண். எங்கள் எல்லோருக்கும் காதில் கேட்பானை மாட்டிவிட்டு, "குரலை நேராகப் பிடியுங்கள், வளைக்க வேண்டாம்" என்றாள்.

எங்களுக்கு நேராகப் பிடிக்க வராது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கிக்கொண்டுதான் போவோம், சின்ன வயதிலிருந்தே பழகின பழக்கம். நேராகப் பிடிக்கப் பார்த்தபோது பள்ளிக்கூடத்தில் வரவு சொல்லுகிற மாதிரி இருந்தது. பல தடவை முயன்றோம். ரயில் போகும்போது நிறுத்த வேண்டியும் வந்தது. கடைசியில் அந்தப் பெண்ணே வெளியே வந்து, "நான் சொன்னதை மறந்துவிடுங்கள். கோவிலில் பாடுவது போலப் பாடுங்கள்" என்றாள்.

ஓர்கன்காரர் பாடத் தொடங்கினார். காலமான அந்தப் பாடகர் இளமையில் பாடியபோது அது காதலிக்காகக் காத்திருந்தவனின் பாட்டாக இருந்திருக்கும். இந்தக் கிழட்டுக் குரலில் அது வேறொன்றாக இருந்தது. யாரும் வராத தரிப்பில் நிற்கிறவர் எவருக்கும் பொருந்துகிற பாட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் இடம் வந்தது. வாயைத் திறந்தேன். முதலில் காற்று. பிறகு, எங்கிருந்தோ, கரகரப்பாக ஒரு நூல் மாதிரிக் குரல். அது அறுந்துவிடுமோ என்று பயந்து பயந்து பிடித்துக்கொண்டு போனேன். அறவில்லை.

ஓர்கன் நிற்கிற இடத்தில் நாங்களும் நிறுத்த வேண்டும். எல்லோரும் நிறுத்தினார்கள். பக்கத்தில் நின்ற மன்னார் அக்கா நிறுத்தவில்லை. அவருக்கு ஓர்கன் நின்றது தெரிந்ததோ என்னவோ. கண்ணிலிருந்து நீர் வழிய அந்த 'ஓ'வைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவரைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. மூச்சை எடுத்து நானும் சேர்ந்துகொண்டேன். மூச்சு முடியும் மட்டும் இரண்டு பேரும் பாடினோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் கையை உயர்த்தி யாரையும் அசைய வேண்டாம் என்று காட்டினாள். எங்கள் குரல் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கை இறங்கவில்லை.

மன்னார் அக்கா கேட்பானைக் கழற்றினார். "பிழைச்சுப்போச்சோ?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியேல்லையக்கா."

ஓர்கன்காரர் எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இதைத்தான் வைக்கப்போகிறோம்" என்றார்.

பாட்டு நவம்பரில் வெளிவந்தது. முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மதிய நிகழ்ச்சி ஒன்றில் போட்டார்கள், கேட்டவர்கள் திரும்பவும் கேட்டார்கள். கணவர் ஒரு வீட்டில் வயரிங் வேலையில் நின்றபோது அங்கே வானொலியில் கேட்டுவிட்டு, ஏணியில் நின்றபடியே எனக்கு அழைத்தார். மகள் ஒருநாள் என்னோடு சூப்பர்மார்க்கெட்டில் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, கேளுங்கோ! இது நீங்களெல்லோ!"

மேலே எங்கோ ஒலிபெருக்கியில் நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். ஒரு தாய் பிள்ளைவண்டியைத் தள்ளியபடி கூடவே முணுமுணுத்துப் போனாள். அவளைத் தெரியாது, அவளுக்கும் என்னைத் தெரியாது. இந்த நகரத்துக்கு வந்தபின் முதல்தடவையாக, நானும் இந்த ஊரில் இருக்கிறவள்தான் என்று எனக்குத் தோன்றியது. பாட்டு விற்பனைப் பட்டியலில் ஏறி ஏறி முதல் பத்துக்குள்ளும் வந்தது. வடலண்டனில், எட்மண்டனில் இருந்த சொந்தக்காரர்கள், அதுவரை எங்களை நினைத்தும் பாராதவர்கள்கூட, போன் எடுத்து விசாரித்தார்கள். மன்னார் அக்காவோ இசைத்தட்டு ஒன்றை வாங்கி, தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அதை நான் கண்டேன்.

கிறிஸ்மஸுக்கு ஓர்கன்காரரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். பழைய கோட்டு, புதுக் கழுத்துப்பட்டியோடு வந்தார். நண்டுக்கறியோடு நன்றாகக் கஷ்டப்பட்டார். மகள் பக்கத்தில் இருந்து நண்டின் ஓட்டை உடைத்துக் கொடுத்தாள். சாப்பாட்டுக்கு நடுவே தொலைபேசி அடித்தது. அக்கா. முகாமிலிருந்து வெளியே விட்டுவிட்டார்களாம், மாமி வீட்டில் இருக்கிறாளாம், பிள்ளைகள் புதுச்சட்டை போட்டிருக்கிறார்களாம். அவளுடைய குரலில் அன்றைக்குத்தான் பழைய குரலைக் கேட்டேன்.

"சனிக்கிழமையள்ல வாசிச்சவர் எண்டு சொன்னியே, அவர் அங்கயோ இருக்கிறார்? போனைக் குடு" என்றாள்.

"அவருக்குத் தமிழ் விளங்காதடி."

"குடு நீ."

கொடுத்தேன். அவர் நண்டுக் கையைத் துடைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்தார். அக்கா பேசுவது எனக்கும் கேட்டது. தங்கச்சியைப் பார்த்துக்கொண்டதற்கு, தனக்காக வாசித்ததற்கு, கடவுள் உங்களை நல்லா வைச்சிருக்க வேணும் என்று விடாமல் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, ஆங்கிலத்தில், தானும் மிகவும் நன்றியுள்ளவன் என்றும், உங்கள் தங்கையின் குரல் நல்ல குரல் என்றும், இங்கே குளிர் அதிகம் என்றும் பதில் சொன்னார். ஒருவருக்கும் மற்றவர் சொன்னது ஒரு சொல்லும் விளங்கவில்லை. இரண்டு பேரும் நெடுநேரம் பேசினார்கள். நாங்கள் மூன்று பேரும் சாப்பிடாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.