பெயரைக் கடைசியில் கேட்டவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்தது இது. போன வருடம் புனித வெள்ளியன்று, பட்டப்பகலில் நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாராவது சொன்னால், அவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்ததே இல்லை என்று அர்த்தம்.

என் பெயர் பாலகணேஷ். திருவொற்றியூர்க்காரன். எண்ணூரில் நிலக்கரி யார்டில் பதினோரு வருட வேலை. வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டதில், ராயபுரம் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தேன். வாசலில் 'அன்பே எங்கள் பணி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வைத்தியம் இலவசம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் இலவசப் படுக்கையில் படுத்தால், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் நம் உடம்பில்தான் பாடம் படிப்பார்கள்.

காலையில் பத்துப் பேர், மாலையில் பத்துப் பேர். பெயர் என்ன, வயது என்ன, எத்தனை நாளாய் இருமல்? பிறகு இடது கை விரலை மார்பில் பதித்து, வலது கை நடுவிரலால் அதன்மேல் தட்டுவார்கள். உள்ளே காற்று இருந்தால் டொம் டொம். நீர் இருந்தால் தட் தட். மனுஷன் மார்பை மேளமாக்கிவிட்டார்கள். அந்த எரிச்சலில் நாங்களும் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி அவர்களைச் சுற்றவிடுவோம். அதில் கில்லாடி, பக்கத்துப் படுக்கை தவ்ஃபீக்.

தவ்ஃபீக்குக்கு இருபத்தொன்பது வயது. வண்ணாரப்பேட்டையில் மோட்டார் பார்ட்ஸ் கடையில் வேலை. டெங்குவில் விழுந்து நன்றாகத் தேறிவிட்டான். மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவன்.

"மாமு, நாளிக்கு நான் எஸ்கேப்பு. உன்ன வெச்சே தட்டிக்கினு கெடக்கட்டும்" என்று மதியம்கூடச் சிரித்தான்.

புனித வெள்ளியன்று அங்கே மணி அடிக்க மாட்டார்கள். பதிலுக்கு மரக்கட்டையைத் தட்டுவார்கள். 2.50க்குக் கீழே ஜெபக்கூடத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டக்... டக்... டக்... சிஸ்டர்கள் எல்லாரும் இறங்கிப் போனார்கள். வார்டுக் கோடியில் நர்ஸ் ஷைனி மட்டும் மேசையில் இருந்தார். தவ்ஃபீக் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அக்கா ஜன்னத் டீ வாங்கப் போயிருந்தாள்.

2.56. மரக்கட்டைச் சத்தம் நின்றது.

ஆனால் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. டொம் டொம்... டொம் டொம்... இப்போது வார்டுக்குள்ளேயே கேட்டது.

திரும்பினேன். வாசல் பக்கத்து முதல் படுக்கையில் ஒரு மாணவி குனிந்திருந்தாள். பழுப்பேறிய வெள்ளைக் கோட்டு. தூங்குகிறவரின் மார்பில் தட்டினாள். அவர் விழிக்கவில்லை. அடுத்த படுக்கை. அதற்கடுத்தது. யாருமே விழிக்கவில்லை. லீவு நாளில்கூட விட மாட்டார்களா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

என்னிடம் வந்தாள்.

"என்ன வேலை?"

"கரி யார்டு."

"அப்பா எதில் இறந்தார்?"

"டி.பி."

"பிள்ளைகள்?"

"ஒரே பொண்ணு. ராமசெல்வி."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கையை என் மார்பில் வைத்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. எனக்கோ காய்ச்சல். அந்தக் கை சூடேறவே இல்லை.

தட்... தட்...

முதல் தடவையாகச் சிரித்தாள்.

அவள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். மூச்சுக்காற்று படவில்லை...

ஷைனி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. மறுபடி குனிந்துகொண்டார்.

கத்த நினைத்தேன். அதற்குள் அவள் மறுபடி பேனாவை எடுத்துவிட்டாள்.

"பெயர்?"

எல்லா மாணவர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இவள் கடைசியில் கேட்டாள்.

பேனா காத்திருந்தது.

"தவ்ஃபீக்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னதாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இல்லை. இவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

எழுதினாள்.

திரும்பினாள்.

பக்கத்துப் படுக்கை.

டொம்...

டொம்...

தட்.

மணி 3.04.

ஜன்னத் டீயோடு வந்து தம்பியை உலுக்கினாள். ஷைனி ஓடிவந்தார், டாக்டர்கள் ஓடிவந்தார்கள். அரை மணி நேரம் போராடினார்கள். என்ன காரணம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் ஷைனியிடம் அந்த மாணவியைப் பற்றிக் கேட்டேன்.

"ஸ்டூடண்டா? புதன்கிழமையே ஹாஸ்டல் காலி அண்ணா. எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. நீங்க தனியாத்தான் பேசிக்கிட்டிருந்தீங்க. காய்ச்சல்ல உளர்றீங்கன்னு நினைச்சேன்."

தவ்ஃபீக்கின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த மறுநாள், ஜன்னத் என் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து, தம்பியின் காகிதங்களுக்கு நகல் வாங்கியிருந்தாள். அந்தக் காகிதக் கட்டுக்குள் ஒரு தாள் மட்டும் நகல் இல்லை. நீல மையில், இங்கிலீஷில், கையால் எழுதியது.

"அண்ணே, என் தம்பி ஒரு நாளுகூட கரி யார்டுல வேல செஞ்சதில்ல. எங்க அத்தா உசுரோட கீறாரு. இதுல தவ்ஃபீக்குனு பேர் போட்டு, அப்பா டி.பி.ல செத்தாருன்னு எழுதிக்கீது. ஒரே பொண்ணு, ராமசெல்வியாம். என் தம்பிக்குக் கல்யாணமே ஆவல."

உள்ளே என் மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கடசி வரி இன்னா தெரியுமா? 'பேரு தப்பு. இன்னொரு தபா வந்து பாக்கணும்'னு கீது."

தாளை மடித்து என் கையில் திணித்தாள்.

"இது உங்களுது. நீங்களே வெச்சிக்கோங்க."

என் முகத்தைக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.