கை நீட்டிக் காட்டாத காளான்

இடி இடித்த மறுநாள் விடியும்போதே காளான் பறிக்கப் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் புழு வைத்துவிடும். கல்யாணமாகி சேக்காட்டுக்கு வந்த பிறகுதான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. சொன்னவள் பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட இரண்டு வயது சின்னவள், கோவில்பதாகையில் நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பெண். எல்லாம் சொல்வாள், இடத்தை மட்டும் கை நீட்டிக் காட்டமாட்டாள். விரலை நீட்டினால் மறு வருஷம் அங்கே முளைக்காதாம். மோவாயைத் தூக்கி, "அந்தாண்ட கீதுக்கா, போய்ப் பாரு" என்பாள். நான் அவளைக் கிண்டல் செய்வேன்.

எண்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை. நாங்கள் கத்தோலிக்கர்கள், வெள்ளிக்கிழமை கறி எடுப்பதில்லை. கறியில்லாத சோறு என் வீட்டுக்காரருக்கு இறங்காது. காளான் குழம்பு வைத்து அசத்திவிடலாம் என்று விடிகாலையிலேயே கூடையோடு கிளம்பினேன். முந்தின நாள் அவள் மோவாயால் காட்டிய திக்கில் முதலில் எருமை கட்டும் புல்தரை வந்தது. அங்கே தட்டு தட்டாக வெள்ளைக் காளான்கள் விரிந்து கிடந்தன. பார்த்ததும் கை பரபரத்தது. கூடை நிறையப் பறித்தேன்.

குழம்பில் பூண்டைத் தட்டிப் போட்டுப் பார்த்தேன். விஷமென்றால் பூண்டு கறுக்கும் என்று எங்கள் அம்மா வீட்டில் சொல்வார்கள். கறுக்கவில்லை. டிபன் பாக்ஸில் ஊற்றி அவரைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டு, மிச்சக் காளானை முறத்தில் பரப்பி வைத்தேன்.

பதினொன்றரை மணி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி புளி கேட்டு வந்தாள். முறத்தைப் பார்த்தவள் ஒரு காளானை எடுத்துக் கவிழ்த்தாள்.

"இன்னாக்கா இது? அடியில பச்சையா கீதே! எங்க பறிச்ச?"

"நீ காட்டின இடத்துலதான். எருமை கட்டுற புல்லுல."

"ஐயோ, நான் அதுக்குப் பின்னால கீற புத்தத்தானக்கா காட்டுனேன்! புத்துக் காளான் காம்பு குச்சி மாதிரி மண்ணுக்குள்ள எறங்கியிருக்கும், கொடைக்கு நடுவுல மொன கூரா இருக்கும். இது ஆவாதுக்கா. எங்க மாடுகூட மோந்து பாக்காது."

"மோவாயத் தூக்கினா எனக்கு எப்படிடி தெரியும்?" என்று கத்தினேன். பன்னிரண்டு மணிக்குத் தொழிற்சாலையில் சாப்பாட்டுச் சங்கு ஊதும். ஊதினால் அவர் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அவளும் பின்னால் ஓடிவந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று, பெட்டி பெட்டியாக, முடியவே முடியாமல் போய்க்கொண்டிருந்தது. மாதாவைக் கூப்பிட்டேன். அந்தச் சத்தத்துக்கு மேலே சங்கு ஊதுவது கேட்டது.

தொழிற்சாலை வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. "சாப்பாட்டு நேரம்மா, சொல்லியனுப்புறேன், நில்லு" என்றார். பதினைந்து நிமிஷம் நின்றோம். கழுவிய டிபன் பாக்ஸை உதறிக்கொண்டே அவர் வந்தார்.

"வெள்ளிக்கிழமைங்கறதே மறந்து போச்சு. கறி தோத்துச்சு போ" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரிதான் விஷயத்தைச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, "நீ சாப்டியா?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். "அது போதும்" என்றார்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்; வராந்தாவிலேயே அவருக்கு வாந்தி ஆரம்பித்தது. குடலே வெளியே வந்துவிடும் போல எடுத்தார். மறுநாள் மத்தியானம் வரை டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. சலைன் பாட்டிலைப் பார்த்தபடி நான் அவளை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். நல்ல காளான் தனக்கே கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே திக்கு மாற்றிக் காட்டினாள் என்றுகூட நினைத்தேன். கஞ்சி கொண்டுவந்தவளைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புற்று வரைக்கும் நடக்காமல் கண்ணில் பட்டதை அள்ளியது நான்தான் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

நாலாம் நாள் அவர் வீடு திரும்பினார். அன்று சாயங்காலம் அவள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். புல்தரையைத் தாண்டி, வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால், இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று. அதன் அடியில் முந்தைய வாரத்துக் காளான்கள் வாடிக் கிடந்தன.

"இங்கக்கா. இந்த எடம்தான். நல்லாப் பாத்துக்கோ" என்று வலது கையை முழுசாக நீட்டி, ஆள்காட்டி விரலால் புற்றைக் காட்டினாள்.

நான்தான் பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்து மடக்கினேன்.